வாடிய மலரை எப்போது கிள்ளுவது?

தொட்டி வாங்குகிறோம், மண் கலக்கிறோம், உரமிடுகிறோம், நாள்தோறும் நீர் ஊற்றுகிறோம். முதல் மலர் விரிந்ததும் வீட்டாரை அழைத்துக் காட்டி மகிழ்கிறோம். அந்த மலர் நான்கைந்து நாட்களில் நிறம் மங்கித் தலை தாழ்த்தும்போது மட்டும் நம்மில் பலருக்குக் கை வருவதில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் செடி பூக்கவில்லையே என்று உரத்தையும் மண்ணையும், செடி விற்ற நாற்றங்கால்காரரையும் குறை கூறுகிறோம்.

குளிர்காலம் தொடங்கிவிட்டால் டெல்லி, லக்னோ, சண்டிகர், கொல்கத்தா முதலிய நகரங்களில் மாடியெங்கும் மலர்த்தொட்டிகள் நிறைந்துவிடுகின்றன. பணி மாறுதலால் அவ்வூர்களில் வாழ நேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இரண்டொரு ஆண்டுகளிலேயே டாலியாவுக்கும் பெட்டூனியாவுக்கும் பழகிவிடுகின்றன. வங்கி முகப்பில் அமர்ந்திருக்கும் நம்மிடம் வட்டி விகிதத்திற்கு அடுத்தபடியாகச் செடிகளைப் பற்றிக் கேட்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களுடைய வினாக்களில் பெரும்பாலானவை வாடிய மலரில் வந்து முடிவதால், அதை எப்போது நீக்குவது, எவ்விடத்தில் நறுக்குவது, எந்தச் செடியில் கை வைக்கவே கூடாது என்பனவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

செடியின் வரவு செலவு

வணிகவியல் பயின்ற நமக்குத் தாவரவியல் கலைச்சொற்களைவிட வரவு செலவுக் கணக்கு எளிதில் விளங்கும். ஒரு செடியில் வருவாய் ஈட்டுவன இலைகள். வெயிலைக் கொண்டு அவை ஆக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையுமே செடியின் வரவு. வேர், தண்டு, துளிர், மலர் ஆகிய அனைத்தும் அவ்வரவிலிருந்து செலவு பெறுவன. மலர் ஒரு செலவு என்பது வெளிப்படை. அதனினும் பெரிய செலவு, மலருக்குப் பின் வரும் விதை. அடுத்த தலைமுறைக்கான உணவைச் சிறு கூட்டுக்குள் அடைத்து அனுப்ப வேண்டியிருப்பதால், விதை கட்டத் தொடங்கிய செடி தன் வரவின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறது.

மலர் விரிவதன் நோக்கமும் விதைதான். மகரந்தம் சேர்ந்து சூல் கருவுற்றதும் மலரின் வேலை முடிந்துவிடுகிறது. பெட்டூனியா, கார்னேஷன், ஆர்க்கிட் போன்றவற்றில் மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்த உடனேயே எத்திலீன் என்னும் வாயு மலருக்குள் சுரந்து இதழ்களை வாடச் செய்கிறது. வாழைப்பழத்தைக் கனிய வைப்பதும் இதே எத்திலீன்தான். இதழ் வாட, அடியிலுள்ள சூலகம் பருக்கத் தொடங்குகிறது. பருக்கும் விதைகளிலிருந்து புறப்படும் ஊக்கிகள், கீழேயுள்ள பக்க மொட்டுகளைத் துளிர்க்க விடாமல் அடக்கி வைக்கின்றன. ஆண்டுச் செடியாயின் தன் கடமை முடிந்ததென்று கணக்கை மூடவும் தொடங்கிவிடுகிறது.

வாடிய மலரை உரிய காலத்தில் நீக்கும்போது இந்தத் தொடர் இடையில் அறுபடுகிறது. விதைக்குச் செல்லவிருந்த உணவு செடியிடமே தங்குகிறது. நுனி நீங்கியதால் அடக்கி வைக்கப்பட்ட பக்க மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. விதை கட்டும் முயற்சி நிறைவேறாததால் செடி மீண்டும் பூக்கிறது.

நம் பாட்டிமார் இவ்வாறெல்லாம் செய்ததில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இதைவிட நன்றாகவே செய்தார்கள். பூசைக்கும் தலையில் சூடுவதற்கும் விடியற்காலையில் மலர்களைக் கொய்துவிட்டதால், அவர்கள் தோட்டத்தில் மலர் வாடும் வரை செடியில் இருந்ததே இல்லை. கன்னோசியிலும் புஷ்கரிலும் அத்தருக்காகப் பன்னீர் ரோஜா பயிரிடும் உழவர்களும் கதிரவன் ஏறுமுன் மலரைப் பறித்துவிடுவதால், அவர்கள் வயலில் வாடிய மலரைத் தேடித்தான் காண வேண்டும். அழகுக்காகவே வளர்த்து, பறிக்க மனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் தொட்டிச் செடிகளுக்குத்தான் இந்தக் கவனிப்பு தனியாகத் தேவைப்படுகிறது.

எந்த நாளில், எந்த இடத்தில்

இதழின் ஓரம் பழுப்பாகி, நிறம் வெளுத்து, மலர் கட்டுக் குலையத் தொடங்கும் நாளே ஏற்ற நாள். முற்றிலும் காய்ந்து சருகாகும் வரை காத்திருந்தால், விதை பாதி முற்றிவிட்டிருக்கும். அதன் பின் வெட்டுவதால் தோற்றம் சீராகுமேயன்றிச் செடிக்கு மிச்சமாவது குறைவு. வாரம் ஒருமுறை பெரும் வேலையாகச் செய்வதைவிட, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை காலை வேளையில் செடிகளைச் சுற்றி வருவது நல்லது. பத்துத் தொட்டிகளுக்கு ஐந்து நிமிடங்களே போதும். தேநீர்க் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டே செய்துவிடலாம்.

இடம் பற்றிய தெளிவு நாளைவிட முக்கியமானது. வாடிய இதழ்களை மட்டும் இழுத்து எறிந்துவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவோர் பலர். இதழ் போனாலும் சூலகம் காம்பில் அப்படியே நிற்கிறது, விதையும் கட்டுகிறது. பெட்டூனியாவில் இது தெளிவாகத் தெரியும். வாடிய புனல் வடிவப் பூவைப் பற்றி இழுத்தால் இதழ் மட்டும் கையோடு வந்துவிடும். பச்சை நிறப் புற இதழ்களுக்கு நடுவே கூம்பு போன்ற ஒரு சிறு முடிச்சு எஞ்சி நிற்கும். அதற்குள் மணலினும் நுண்ணிய விதைகள் நூற்றுக்கணக்கில் உருவாகின்றன. எனவே அம்முடிச்சுக்குக் கீழே காம்போடு கிள்ள வேண்டும். அச்செடியின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டும், சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும்.

மென்தண்டுச் செடிகளுக்கு விரல் நகமே போதுமானது. ரோஜா, டாலியா போன்றவற்றுக்குக் கூரிய தோட்டக் கத்தரி வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடத்தில் பூசணம் எளிதில் நுழையும். ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகுமுன் கத்தரியின் வாயைச் சிறிது ஸ்பிரிட்டால் துடைப்பது நல்ல வழக்கம். பொதுவான விதி, வாடிய மலருக்குக் கீழே நலமான இலையோ மொட்டோ உள்ள முதல் கணுவுக்குச் சற்று மேலே நறுக்குவதுதான். மொட்டையான நீண்ட காம்பை விட்டுவைத்தால் அது காய்ந்து கறுத்துக் கீழ்நோக்கி இறங்கும்.

ரோஜா

ரோஜாவைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்நாட்டின் ரோஜா ஆர்வலர்களில் முதன்மையானவராகக் கருதத்தக்க டாக்டர் பி.பி. பால், தொழிலால் கோதுமை ஆராய்ச்சியாளர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்த அவர், ஓய்வு நேரங்களில் புதிய ரோஜா வகைகளை உருவாக்கினார், இந்திய ரோஜாக்களைப் பற்றி நூலும் எழுதினார். கோதுமையில் விதை பெருக வேண்டும் என்று பாடுபட்டவர், ரோஜாவில் மலர் பெருக வேண்டும் என்று விரும்பியதை எண்ணும்போது நமக்கு ஒரு புன்னகை எழுகிறது.

ரோஜாக் காம்பில் மலருக்கு மிக அருகிலுள்ள இலைகளில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளே இருக்கும். அவற்றுக்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலை தென்படும். அந்த இலைக் கக்கத்திலுள்ள மொட்டு மேலுள்ளவற்றைவிட உரமானது. எனவே வாடிய மலரை, கீழ்நோக்கி வரும்போது செடியின் வெளிப்புறத்தை நோக்கி அமைந்துள்ள முதல் ஐந்து சிற்றிலை இலைக்கு மேலே, ஏறத்தாழ அரை செண்டிமீட்டர் விட்டு, சாய்வாக நறுக்க வேண்டும். வெளிப்புற மொட்டாயின் புதுக்கிளை வெளிநோக்கி வளரும், செடியின் நடுவில் காற்றும் வெளிச்சமும் புகும். நறுக்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அதே கிளையில் மீண்டும் மலரைக் காணலாம்.

இவ்விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ரோஜாவுக்கும் பொருத்தலாகாது. நட்டு ஓராண்டு ஆகாத இளஞ்செடிக்கு இலைகளே முதலீடு, அதில் மலரை மட்டும் கழுத்தருகே கிள்ளினால் போதும். கொத்தாகப் பூக்கும் வகைகளில் கொத்தின் நடு மலரே முதலில் வாடும். அதை மட்டும் நீக்கி, ஏனையவை பூத்து முடிந்த பிறகு முழுக் கொத்தையும் நறுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரே முறை பூக்கும் பழைய கொடி ரோஜாக்களில் எத்தனை முறை கிள்ளினாலும் இரண்டாம் பூப்பு வராது. அது அவ்வகையின் இயல்பு, நம் குறையன்று.

டெல்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றிதழ் அளிக்க நம் கிளைக்கு வருவார். ஓராண்டு அவர் தனியாக வந்தார். சான்றிதழ் வேலை முடிந்த பின்னும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தவர், தம் மனைவி வளர்த்த ரோஜாச் செடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பன்னிரண்டு தொட்டிகள். அந்த அம்மையார் இருந்தவரை குறைவின்றிப் பூத்தவை, அவர் மறைந்த பின் ஒன்றிரண்டு பூத்து நின்றுவிட்டனவாம். நீரும் உரமும் தவறாமல் இட்டும் பயனில்லை. “அவள் இல்லாதது செடிக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, சார்” என்றார்.

அம்மையார் செடிகளுக்கு என்ன செய்வார் என்று விசாரித்தோம். தனியாக ஒன்றும் செய்ததில்லை, காலையில் குளித்ததும் பூசைக்குப் பூப்பறிப்பார், அவ்வளவுதான் என்றார். இப்போது யார் பறிக்கிறார்கள் என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். அவள் செடியிலிருந்து பறிக்க மனம் வரவில்லை, செடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றார். அவர் கைப்பேசியில் காட்டிய படத்தில், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஆரஞ்சு நிறத்தில் கோலிக்குண்டு அளவுக் காய்கள் திரண்டிருந்தன. ரோஜாவின் விதைக்காய்கள் அவை. செடிகளுக்கு நோய் எதுவுமில்லை, பூப்பதற்குப் பதிலாக விதை வளர்த்துக்கொண்டிருந்தன.

அக்காய்களைக் காம்போடு நீக்கி, மெலிந்தும் காய்ந்தும் போன கிளைகளைக் களையுமாறு கூறினோம். கத்தரி எடுக்கத் தயங்கியவரிடம், அம்மையார் நாள்தோறும் செய்துவந்த வேலைதான் இது என்று மட்டும் சொன்னோம். அடுத்த நவம்பரில் வந்தபோது, பூக்களைத் தம் தெருமுனைக் கோவிலுக்குக் கொடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு, நிலையான வைப்புத்தொகை ஒன்றைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்டார்.

வட இந்தியச் சமவெளியில் ரோஜாவுக்கு ஆண்டுக் கவாத்து செய்யும் காலம் அக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி. அப்போது கிளைகளை ஆழமாகக் குறைத்தால், டிசம்பர்த் தொடக்கத்தில் முதல் பூப்பு கிட்டும். அதன் பின் மார்ச் வரை வாடிய மலர்களை நீக்கிவந்தாலே போதும். சண்டிகரில் 1967ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஜாகிர் உசேன் ரோஜாத் தோட்டத்தில் பிப்ரவரியில் மலர்விழா நடைபெறுவதும் இந்தப் பருவக் கணக்கை ஒட்டித்தான். ஏப்ரலுக்குப் பின் வெயில் ஏற ஏறக் கத்தரியை அடக்கி வாசிக்க வேண்டும். 40 பாகை தாண்டும் வெப்பத்தில் செடிக்கு நிழலாக இருப்பவை அதன் இலைகளே, ஆகவே பூவை மட்டும் கிள்ளினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய, அமெரிக்கக் காணொளிகள் பலவற்றில், இலையுதிர் காலம் வந்ததும் வாடிய மலரை நீக்குவதை நிறுத்திவிடுங்கள், காய் கட்டினால்தான் செடி உறக்கத்திற்கு ஆயத்தமாகும் என்று கூறுவார்கள். பனி உறையும் ஊர்களுக்கு அது சரியான அறிவுரை. ஸ்ரீநகரிலோ சிம்லாவிலோ வசிப்பவர்கள் அதைப் பின்பற்றலாம். சமவெளியில் ரோஜாவின் நற்பருவமே குளிர்காலம்தான். டெல்லியிலோ நாக்பூரிலோ அந்த அறிவுரையைப் பின்பற்றினால், பூக்க வேண்டிய மாதங்களில் காய்களைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

வெட்டிய இடத்திலிருந்து கிளை கறுத்துக் கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால், அது நுனிக்கருகல் என்னும் பூசண நோய். கறுப்புக்குக் கீழே தண்டின் உட்புறம் வெண்மையாகத் தெரியும் வரை வெட்டி நீக்கி, காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்து வெட்டுவாயில் தடவ வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் முழுச் செடியையும் இழக்கக்கூடும்.

குளிர்கால மலர்கள்

செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், காலண்டுலா, பான்சி ஆகியவை கிள்ளக் கிள்ளப் பூப்பவை. செண்டுமல்லியின் ஒவ்வொரு இதழடியிலும் ஒரு விதை உருவாகக்கூடும் என்பதால், ஒரு பூவை விட்டுவைப்பது செடிக்குப் பெருஞ்செலவு. தடித்த பூத்தலை நீரைத் தேக்கி அழுகவும் செய்யும். சால்வியா, நாய்முகப்பூ போன்று கதிராகப் பூப்பவற்றில் கீழிருந்து மேலாக மலர்ந்து வரும். முக்கால் பங்கு முடிந்ததும் கதிரையே பக்கத் துளிருக்கு மேலே நறுக்கிவிடலாம். இனிப்புப் பட்டாணிக்கொடியைப் போல் விதைக்கு அவசரப்படும் செடி வேறில்லை. சில காய்கள் முற்றினாலே பூப்பு குறையத் தொடங்கும். மலர்களை ஓயாமல் பறித்துக் குவளையில் வைப்பதே அதற்கு வழி, மணத்திற்கு மணமும் ஆயிற்று.

டாலியாவில் புதியவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். வாடிய மலரின் இதழ்கள் உதிர்ந்த பின் எஞ்சும் தலையும் விரியாத மொட்டும் முதற்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பொத்தான் போல் உருண்டு தட்டையாக இருப்பது மொட்டு. கூம்பி நுனி கூர்த்து, தொட்டால் மெத்தென்று இருப்பது முடிந்துபோன மலர். கிள்ளுமுன் இதைப் பார்த்துக்கொண்டால் வரவிருக்கும் மலரை இழக்கமாட்டோம். கொல்கத்தாவின் குளிர்காலக் கண்காட்சிகளில் தட்டளவு டாலியாக்களைக் கண்டவர்கள், அத்தகைய மலருக்காகப் பக்க மொட்டுகளையும் கிள்ளிவிட்டு ஒன்றையே வளர விடுவார்கள் என்பதையும் அறிந்திருப்பார்கள். அவ்வூரின் அலிப்பூரில் உள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1820ஆம் ஆண்டில் வில்லியம் கேரி நிறுவியது. இரு நூற்றாண்டுகளாக அந்நகரில் மலர் வளர்ப்பு ஒரு பொழுதுபோக்கு என்னும் நிலையைத் தாண்டியே இருந்துவருகிறது.

சாமந்தியின் கணக்கு வேறு. பகற்பொழுது சுருங்கும்போது மட்டும் பூப்பது அதன் இயல்பு. பருவத்தில் வாடியவற்றைக் கிள்ளுவது எஞ்சிய மொட்டுகளுக்கு உதவும், ஆனால் பருவம் முடிந்த பின் கிள்ளிப் பயனில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முழுச் செடியையும் வெட்டிவிட்டு, அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளை அடுத்த ஆண்டுக்குப் பேண வேண்டும். பூத்து முடிந்தது என்று தொட்டியைக் காலி செய்துவிடுபவர்கள் ஆண்டுதோறும் புதுச் செடிக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

கை வைக்கலாகாதவை

நித்தியகல்யாணி, பட்டுரோஜா, காசித்தும்பை ஆகியவை தம் வாடிய மலர்களைத் தாமே உதிர்த்துவிடும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள் விரிந்து மறுநாள் விழுந்துவிடும், தரையில் கிடப்பதைக் கூட்டினால் போதும். காகிதப்பூவில் நாம் மலரென்று எண்ணும் வண்ணப் பகுதி உண்மையில் இலையின் மாற்றுருவம். நடுவில் வெண்மையாக நிற்கும் சிறு குழலே மலர். ஒரு பூப்பு முழுதும் முடிந்ததும் கிளை நுனிகளைக் குறைத்தால், புதுத்துளிரில் அடுத்த பூப்பு வரும்.

காய்கறிச் செடிகளுக்கு இக்கட்டுரையில் கூறப்பட்டவை எவையும் பொருந்தா. இதைச் சொல்லவும் வேண்டுமோ எனத் தோன்றலாம், வேண்டியிருக்கிறது. பாகற்கொடியிலும் சுரைக்கொடியிலும் வாடிய பூவுக்குப் பின்னால் இருப்பது பிஞ்சு. அழகுச் செடிகளில் பழகிய கை அதையும் சேர்த்துக் கிள்ளிவிடக் கூடும்.

மலைநகரங்களில் காணும் ஹைட்ரேஞ்சியாவே மிகுந்த கவனத்தைக் கோருவது. சிம்லாவிலும் டார்ஜிலிங்கிலும் உதகையிலும் பந்து பந்தாக நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் வகை, அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளைக் கோடை கழியும் காலத்திலேயே பழைய தண்டில் உருவாக்கி வைத்துக்கொள்கிறது. பருவம் முடிந்து தண்டை ஆழமாக வெட்டினால் ஓராண்டுப் பூப்பு முழுவதும் போய்விடும். வாடிய பூத்தலைக்குச் சற்றுக் கீழே, முதல் பருத்த மொட்டு இணைக்கு மேலே வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உறைபனி விழும் ஊராயின் காய்ந்த தலைகளை அப்படியே விட்டுவிட்டு வசந்தத்தில் நீக்குவது மேல், அவை கீழுள்ள மொட்டுகளுக்குக் குடையாக இருக்கும். அசேலியாவையும் பூப்பு முடிந்த உடனே திருத்திவிட வேண்டும். சில மாதம் தாழ்த்தினால் அடுத்த ஆண்டின் மொட்டுகளையே வெட்ட நேரும்.

கிழங்கிலிருந்து முளைக்கும் டியூலிப், கிளாடியோலஸ், நிலச்சம்பங்கி ஆகியவற்றில் பூத்தண்டை நீக்கலாம், இலையைத் தொடலாகாது. ஸ்ரீநகரில் சபர்வான் மலையடியில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்தைக் கண்டுவந்து, கிழங்கு வாங்கி வளர்த்துப் பார்ப்பவர்கள் பலர். பூ முடிந்ததும் தொய்ந்து கிடக்கும் இலைகள் பார்க்க அழகாக இரா. எனினும் அடுத்த ஆண்டின் மலருக்கு உரிய உணவைக் கிழங்கில் மாதாமாதம் செலுத்துபவை அவைதாம். அவை தாமாக மஞ்சளிப்பதற்குமுன் வெட்டுவது, தொடர் வைப்புக் கணக்கைப் பாதித் தவணையில் முடித்துக்கொள்வது போன்றது. முதிர்வுத் தொகையை அதன் பின் எதிர்பார்ப்பது முறையாகாது.

ஆர்க்கிட் வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு. பட்டாம்பூச்சி வடிவில் பூக்கும் ஃபலனாப்சிஸ் வகையில், மலர்கள் உதிர்ந்த பின் பூத்தண்டு பச்சையாக இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டலாம். கணுவிலிருந்து புதுக்கிளை வர வாய்ப்புண்டு. தண்டு பழுப்பாகிவிட்டால் அடியோடு நீக்கலாம். டென்ட்ரோபியத்தில் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டுகளை வெட்டவே வேண்டாம். அவற்றில் உணவு சேமிப்பில் இருக்கிறது, சில வகைகளில் அத்தண்டுகளிலேயே மீண்டும் பூப்பதும் உண்டு.

மழையும் துளசியும்

மும்பை, பெங்களூரு, கொச்சி போன்ற மழை மிகுந்த ஊர்களில் வாடிய மலரை நீக்குவதற்கு மற்றொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. அடுக்கு இதழ்களில் தேங்கும் ஈரத்தில் சாம்பற்பூசணம் பற்றி, அங்கிருந்து இலைக்கும் தண்டுக்கும் பரவும். எனவே மழைக்காலத்தில் வாடத் தொடங்கும்முன்பே நீக்கிவிடுவது தகும். மழை ஓய்ந்து இலை உலர்ந்த பின்னரே கத்தரி எடுக்க வேண்டும். பூசணம் கண்ட மலர்களைத் தொட்டி மண்ணிலோ உரக்குழியிலோ போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். ஏனைய வாடிய மலர்கள் நல்ல மட்குரமாகும்.

துளசியில் வாடும் வரை காத்திருக்கவே கூடாது. பூங்கதிர் தலைகாட்டியதும் அதனடியில் உள்ள இலையிணைக்கு மேலே கிள்ளினால் செடி கிளைத்துப் புதராகும். கதிர்களை முற்ற விட்டால் இலை சிறுத்து, தண்டு மரமாகி, செடி விரைவில் மூப்படையும். துளசியைக் கிள்ளுவதற்கு ஆகாத நாட்களும் வேளைகளும் குடும்பத்திற்குக் குடும்பம் வேறுபடும். அவற்றைக் கடைப்பிடித்துக்கொண்டே, வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். கிள்ளிய கதிர்கள் பூசைக்கு ஆகும்.

கிள்ளுவதை நிறுத்தும் நாள்

மலரை நீக்குவதோடு, செலவழித்த செடிக்குச் சிறிது ஊட்டமும் வேண்டும். கடுகுப் புண்ணாக்கை மூன்று நான்கு நாட்கள் நீரில் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊற்றுவது வட இந்தியத் தோட்டக்காரர்களின் வழக்கம். அந்த நாற்றத்தை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதொன்றே இடர். கடலைப் புண்ணாக்கும் ஏற்றதே.

ஆண்டுச் செடிகளில் பிப்ரவரி இறுதி வந்ததும் சில செடிகளையாவது கிள்ளாமல் விட்டுவிட வேண்டும். வெப்பம் ஏறிய பின் அவற்றை எப்படியும் காப்பாற்ற முடியாது. அவை விரும்பியபடி விதை கட்டட்டும். நல்ல நிறமும் நலமும் உடைய செடியில் இரண்டு மூன்று பூத்தலைகளைத் தேர்ந்து நூல் கட்டி அடையாளமிட்டு வைத்தால், மறதியாகக் கிள்ளிவிடமாட்டோம். செண்டுமல்லியின் தலை முற்றிலும் பழுப்பாகிக் காய்ந்ததும் பிரித்தால், கறுப்பு ஊசி போன்ற விதைகள் வெளிர் வாலோடு உதிரும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தித் தாளில் மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் எஞ்சிய ஈரம் பூசணத்தை வரவழைக்கும். கலப்பின விதையிலிருந்து வளர்ந்த செடியின் விதை தாயைப் போல் பூக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாட்டு வகைகளே சேமிப்புக்கு ஏற்றவை.

மாறுதல் ஆணை பெரும்பாலும் கோடையில் வருவதால், வங்கிப் பணியிலிருப்போர் தொட்டிகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு லாரி ஏறுகிறார்கள். நம் சக ஊழியர் பலர் தம்முடன் எடுத்துச் செல்வது இந்த விதைப் பொட்டலங்களைத்தான். கழிந்த மாதத்து நாட்காட்டித் தாள் அதற்கு அளவெடுத்தது போல் பொருந்துகிறது. உட்புறம் வெறுமையாக இருப்பதால் மலரின் பெயர், நிறம், சேகரித்த ஊர், மாதம் ஆகியவற்றை எழுதிக்கொள்ள இடமும் கிடைக்கும். புதிய ஊர் சமவெளியாயின் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கலாம். மலையூராயின் பனி விலகும் வசந்தம் வரை பொட்டலத்தை உலர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.